பட்டம் வாங்கினால் பல்சக்கரம் நிற்குமா?

தோழர்களே! போனைத் திறந்தால் இப்போது ஒரு புதுமாதிரி விளம்பரம் கண்ணில் படுகிறது. கோட்டும் டையும் மாட்டி, தலையில் மஞ்சள் ஹெல்மெட் வைத்த ஒரு கனவான் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் வேலையை விடாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே, ஆன்லைனில் எம்.பி.ஏ. படிக்கலாமாம். படித்து முடித்தால் அவர் வெறும் அதிகாரி அல்லவாம். 'பாதுகாப்புத் தலைவர்' ஆகிவிடுவாராம். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள். அந்தச் சரக்கு இப்போது நம் ஊர்க் கடைத்தெருவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

"எவரோ எதையோ படித்துவிட்டுப் போகிறார், நமக்கென்ன?" என்று கார்டிங்கில் நிற்கும் தோழர் கேட்கலாம். நமக்குத்தான் தோழரே! உங்கள் கைக்கும் மெஷினின் பல்லுக்கும் நடுவே மூடி இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று எழுதுகிறவர் அவர். என்ன பாடம் படித்துவிட்டு அதை எழுதுகிறார் என்பது நம் விரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

சென்ற மாதம் ஒரு பஞ்சாலையின் பாதுகாப்பு அதிகாரியே நம்மைத் தேடி வந்தார். முப்பது வயதிருக்கும். டிப்ளமா படித்த பிள்ளை. இருட்டிய பிறகுதான் வந்தார். பகலில் சங்க ஆபீஸ் வாசலில் நின்றால் மறுநாள் உத்தியோகம் இருக்காது. நாம் கொடுத்த டீ ஆறிப்போகும் வரை பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அண்ணா, கார்டிங் மெஷின்ல மூடியைத் திறந்தா தானா நிக்கணும். அதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. ரெண்டு மெஷின்ல அந்த சுவிட்ச் செத்துக் கிடக்குது. கம்பி போட்டு முறுக்கி ஓட்டறாங்க. மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். மானேஜர் என்ன சொல்றார் தெரியுமா? 'உனக்கு மானேஜ்மென்ட் பாஷை தெரியலை. எம்.பி.ஏ. படி'ங்கறார்."

கேட்டீர்களா தோழர்களே! சுவிட்ச் செத்திருக்கிறது என்பதைத் தமிழில் சொன்னாலும் இங்கிலீஷில் சொன்னாலும் சுவிட்ச் செத்துத்தானே இருக்கிறது? அதைப் புரிந்துகொள்ள மானேஜருக்கு வேறு என்ன பாஷை வேண்டும்?

வேண்டும். லாபத்தின் பாஷை வேண்டும். அந்தப் பாஷையைத்தான் இந்த வகுப்புகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். நிதிக் கணக்கு, தலைமைப் பண்பு, ஆபத்து நிர்வாகம் என்று பாடங்களுக்குப் பல பெயர். சாரம் ஒன்றே. முதலாளியிடம் போய், "அய்யா, இந்த மூடியைப் போட்டால் உங்களுக்கு இத்தனை ரூபாய் மிச்சம், போட்ட முதலுக்கு இத்தனை வரவு" என்று காகிதத்தில் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு தேறினால் மூடி வரும்.

தேறாவிட்டால்? அந்தப் பக்கத்தைத்தான் விளம்பரக் கனவான் புரட்டுவதில்லை. நாம் புரட்டிப் பார்ப்போம்.

ஒரு மில் தொழிலாளியின் விரலுக்கு நம் நாட்டில் விலை என்ன? சட்டத்தில் அட்டவணையே இருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதம் போயிற்று என்று கணக்கு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதம். எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் வெட்டுப்பட்டால் 5 சதம். சந்தையில் காய்கறிக்கு எழுதிப் போட்ட மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகையும் உங்கள் கூலியை வைத்தே கணக்காகிறது. கூலி குறைந்தால் விரலும் மலிவு!

இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கும் மில்லில் அந்த மலிவு விலையைக்கூட முதலாளி தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதில்லை. இ.எஸ்.ஐ. தருகிறது. 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு கூலியில் 3.25 சதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதம். வருஷத்தில் பத்து விரல் போனாலும் 3.25தான், ஒரு விரலும் போகாவிட்டாலும் 3.25தான். இ.எஸ்.ஐ. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போராடிப் பெற்றது, அதைக் காப்பாற்றியே தீர வேண்டும். ஆனால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அதிகாரிப் பிள்ளை என்ன 'வரவு' காட்டுவார்? சுவிட்ச் மாற்ற மெஷினை நிறுத்தினால் உற்பத்தி நஷ்டம்; அது முதலாளியின் தலையில். விரல் போனால் நஷ்டம் வேறொருவர் தலையில். எம்.பி.ஏ. கணக்குப் போட்டால் சுவிட்சை மாற்றாதே என்றுதான் விடை வரும்! கணக்கில் தப்பே இல்லை. யாருக்காகப் போட்ட கணக்கு என்பதுதான் கேள்வி.

கனடாவில் கணக்கு வேறு மாதிரி. அங்கே பல மாகாணங்களில் விபத்து அதிகமானால் முதலாளி கட்டும் இன்ஷூரன்ஸ் பணமும் ஏறுகிறது. அப்படியானால் விபத்து குறைய வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். காகிதத்தில் குறைகிறது! விபத்தை ஒழிப்பதைவிட விபத்து அறிக்கையை ஒழிப்பது சுலபம் என்று அங்கத்திய முதலாளிகள் கண்டுகொண்டார்கள் என்பது அந்த நாட்டுத் தொழிற்சங்கங்களின் நெடுநாள் புகார். நமக்கும் இது புதிதல்ல. மில் வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று பலகை தொங்குகிறது. கையில் கட்டோடு வந்தவரைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்" என்று மேஸ்திரி காதில் ஓதுகிறார். பலகையில் எண் ஏறிக்கொண்டே போகிறது.

இந்தப் பலகைப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவிலேயே சாட்சி இருக்கிறது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வெஸ்ட்ரே என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1991-ம் வருஷத்தில் விபத்துக் கணக்கு குறைவு என்று சொல்லி அதற்குப் பாதுகாப்பு விருது கொடுத்தார்கள். 1992 மே 9-ந் தேதி விடியற்காலையில் அந்தச் சுரங்கம் வெடித்தது. மீத்தேன் வாயு பற்றி, குவிந்து கிடந்த கரித்தூசியும் சேர்ந்து வெடித்து, உள்ளே இருந்த 26 பேரும் மாண்டார்கள். 11 பேரின் உடலை இன்றுவரை மேலே எடுக்கவில்லை. கரித்தூசி மேல் சுண்ணாம்புக்கல் பொடி தூவ வேண்டும் என்பது சுரங்கத்தில் ஆனா ஆவன்னா பாடம். அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. 1997-ல் வந்த விசாரணை அறிக்கை, இந்த நாசம் முன்கூட்டியே தெரிந்த பாதையில் வந்தது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. இரண்டு மானேஜர்கள் மேல் போட்ட கிரிமினல் வழக்கை 1998-ல் கைவிட்டார்கள். எஃகுத் தொழிலாளர் சங்கமும் மாண்டவர்களின் குடும்பங்களும் வருஷக்கணக்கில் விடாமல் போராடிய பிறகே, அலட்சியத்தால் தொழிலாளியைச் சாகவிடும் கம்பெனி மீது கிரிமினல் குற்றம் சாட்ட வழிசெய்யும் சட்டம் 2003-ல் நிறைவேறி 2004-ல் அமலுக்கு வந்தது. விருது கொடுத்தவர்களோ, வெடித்த பிறகு விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என்னே நியாயம்!

அங்கே அறிவுக்குப் பஞ்சமா இருந்தது? இல்லை. போபாலில் மட்டும் பஞ்சமா இருந்தது? 1982 மே மாதம் யூனியன் கார்பைடு கம்பெனியின் அமெரிக்க நிபுணர்களே வந்து ஆலையைச் சோதித்து, 61 ஆபத்துகளைப் பட்டியல் போட்டார்கள். அதில் 30 பெரிய ஆபத்துகள் என்று அவர்களே எழுதினார்கள். தொழிற்சங்கம் எச்சரித்தது. அதே 1982-ல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் ஊரைக் காப்பாற்றுங்கள் என்று தன் சின்னப் பத்திரிகையில் எழுதினார். நடந்தது என்ன? செலவைக் குறைத்தார்கள். ஆளைக் குறைத்தார்கள். விஷத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் மெஷினை 1984-ல் நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு ஏறத்தாழ 40 டன் விஷம் ஊருக்குள் பரவி, ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் தூக்கத்திலேயே மாண்டார்கள். பட்டியல் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் தோழர்களே! ஆலையை நிறுத்தும் அதிகாரம் கொண்ட தொழிலாளி ஒருவர்கூட இல்லை.

இந்தப் படிப்பின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஹைன்ரிக் என்று ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகஸ்தர் இருந்தார். 1931-ல் ஒரு புத்தகம் போட்டார். நூற்றுக்கு 88 விபத்துக்குத் தொழிலாளியின் தவறான செய்கையே காரணம், 10-க்குத்தான் மெஷினும் இடமும் காரணம், மிச்சம் 2 தலைவிதி என்று எழுதினார். எதைப் பார்த்து எழுதினார்? ஆலை மேற்பார்வையாளர்கள் எழுதிய விபத்துக் காகிதங்களைப் பார்த்து! மேஸ்திரியைக் கேட்டால் மேஸ்திரி மேல் தப்பு என்றா எழுதுவார்? ஆனாலும் அந்த 88 என்ற எண் தொண்ணூறு வருஷமாகச் சாகாமல் நடமாடுகிறது. இதை மறுக்கும் பேராசிரியர்கள் இன்று அந்த வகுப்புகளிலேயே உண்டு என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் குரல் மில் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. உள்ளே வருவது 88 மட்டுமே. 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் அறிக்கை முடிந்துவிடுகிறது. இரட்டை ஷிப்ட் பார்த்து, பதினாறு மணி நேரம் நின்று, விடியும் நேரத்தில் கண் சொருகியவரிடம் கவனத்தை எங்கே தேடுவது?

பஞ்சாலைத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. பஞ்சுத்தூசி நெஞ்சை அடைக்கும் நோயை டாக்டர்கள் பிஸ்ஸினோசிஸ் என்கிறார்கள். லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும். போகப்போக எல்லா நாளும் இறுகும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கரோலினா மாகாணங்களில் இந்த நோய் கண்ட மில் தொழிலாளிகள், பெரும்பாலும் வயதானவர்கள், மூச்சு வாங்கிக்கொண்டே 1975-ல் சங்கம் கட்டினார்கள். இவர்களும் ஜவுளித் தொழிற்சங்கமும் சேர்ந்து நெருக்கியதன் பேரில், நூற்பில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசி இருக்கக்கூடாது என்று 1978-ல் அந்த நாட்டு சர்க்கார் விதி செய்தது. மில் முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். என்ன வாதம்? செலவு எவ்வளவு, அதனால் கிடைக்கும் பலன் எவ்வளவு என்று தராசில் வைத்துப் பார்க்காமல் விதி போட்டது செல்லாது என்ற வாதம். அதாவது இந்த எம்.பி.ஏ. வகுப்பின் முதல் பாடமே முதலாளிகளின் வக்கீல் வாயில்!

1981 ஜூனில் தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் ஆரோக்கியத்தை முடிந்த மட்டும் காக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. உயிரையும் ரூபாயையும் தராசில் நிறுக்கச் சொல்லவில்லை என்று கோர்ட்டு முதலாளிகளைத் திருப்பி அனுப்பியது. பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. மில்லே மூடிவிடும் என்று அழுதார்களே, உண்மையில் ஆன செலவு அவர்கள் அழுததைவிட மிகக் குறைவு. புது மெஷின் வாங்கினார்கள். தூசியும் குறைந்தது, உற்பத்தியும் கூடியது. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, பாதுகாப்பு லாபமே தரும்" என்று வகுப்பில் சொல்லக்கூடும். சரி, அந்த லாபக் கணக்கு 1978-க்கு முன்னால் ஏன் ஒரு முதலாளி கண்ணுக்கும் தெரியவில்லை? சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகுதானே தெரிந்தது! கழுத்தைப் பிடிக்க வைத்தது யார்? நுரையீரல் பாதி போன கிழவர்களும் கிழவிகளும்.

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1948-ம் வருஷத்து ஆலைச் சட்டத்தில், ஆயிரம் பேர் வேலை செய்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று பிற்பாடு சேர்த்தார்கள். போபாலுக்குப் பிறகு 1987-ல் ஆபத்தான ஆலைகளில் தொழிலாளிகளும் சரிபாதி இருக்கும் பாதுகாப்புக் கமிட்டி வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டம் அமலாகியிருக்கிறது. அதில் 500 பேர் இருந்தாலே பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். இது முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறோம். இந்த விளம்பரங்கள் பெருகுவதற்கு இதுவும் காரணமாகலாம். வேலை இருக்கும் இடத்தில் பட்டக்கடை முளைக்கும். ஆனால் மறுபக்கம் பாருங்கள். மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே 'ஆலை' என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்திவிட்டார்கள். பாதுகாப்புக் கமிட்டியோ, சர்க்கார் உத்தரவிட்டால் உண்டு என்ற நிலை. இன்ஸ்பெக்டருக்கு 'வசதி செய்து தருபவர்' என்று கூடவே ஒரு வால் ஒட்டியாயிற்று. யாருக்கு வசதி?

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம் என்று புதுச் சட்டம் எழுதுகிறது. நல்லது. நிர்வாகம் ஆபத்தே இல்லை என்று சாதித்தால்? இன்ஸ்பெக்டர் முடிவே முடிவு. அவர் வந்து முடிவு சொல்லும் வரை நீங்கள் அந்த மெஷினில் நிற்க வேண்டுமா, கையை எடுத்துக்கொள்ளலாமா? அதை விளக்கமாக எழுதவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1972-ல் போட்ட சட்டத்திலிருந்து அங்கே மூன்று உரிமைகள் வேர்விட்டன. என்ன ஆபத்து என்று அறியும் உரிமை. கமிட்டியில் அமர்ந்து பேசும் உரிமை. ஆபத்தான வேலையைச் செய்ய மாட்டேன் என்று மறுக்கும் உரிமை. ஒண்டாரியோ மாகாணத்தில் அது சும்மா வரவில்லை. எலியட் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளிகள் நுரையீரல் நோயும் புற்றுநோயும் தங்களைத் தின்பதைக் கண்டு 1974-ல் வேலையை நிறுத்தினார்கள், கமிஷன் வந்தது, 1978-ல் சட்டம் வந்தது. கனடாவிலிருந்து இறக்குமதி செய்வதென்றால் இந்த மூன்றாவது உரிமையை இறக்குமதி செய்யுங்களேன்! எம்.பி.ஏ.க்கு மட்டும் ஏன் கப்பல் வருகிறது?

வயலில் இருக்கும் தோழர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்களுக்கு அதிகாரியும் இல்லை, கமிட்டியும் இல்லை, 'விபத்தில்லாத நாட்கள்' பலகைகூட இல்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் விஷம் ஏறி மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உடனே என்ன சொன்னார்கள்? உறையும் முகமூடியும் போடவில்லையாம். இங்கேயும் அந்த 88 வந்துவிட்டது பாருங்கள்! தலைக்கு மேல் வளர்ந்த செடிக்குள், கொளுத்தும் வெயிலில், முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு, ரப்பர் உடுப்புப் போட்டு அரை மணி நேரம் நின்று காட்டட்டும் அந்த அறிக்கை எழுதியவர். உடுப்பை யார் வாங்கித் தந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அங்கே செடியில் விஷத்தைக் குடித்தவர் பறித்த பஞ்சுதான் இங்கே புளோ ரூமில் தூசியாகப் பறக்கிறது. ஒரே பஞ்சு, இரண்டு நுரையீரல்.

அதிகாரிகள் படிப்பது கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். வாயு அளக்கவும், தூசி அளக்கவும், இரைச்சல் அளக்கவும் தெரிந்த ஆட்கள் நமக்கு வேண்டும். இன்னும் அதிகம் வேண்டும். நாம் கேட்பது வேறு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனிலே பாடம் நடத்தி மானேஜரைப் 'பாதுகாப்புத் தலைவர்' ஆக்க முடியும் என்றால், அதே போனில், தமிழில், கார்டிங் தொழிலாளிக்குத் தூசி அளக்கும் கணக்கைச் சொல்லித்தர முடியாதா? மருந்து டப்பாவில் பொடி எழுத்தில் இருப்பதை விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குப் படித்துக் காட்ட முடியாதா? முடியும். ஒரு வாரப் பாடம் போதும். சம்பளத்தோடு லீவு கொடுத்து நடத்த வேண்டும். கட்டணத்தை முதலாளி கட்ட வேண்டும். கமிட்டிக்குப் போகும் ஆளைத் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். மேஸ்திரி கைகாட்டும் ஆள் வேண்டாம். விபத்துப் பதிவேட்டையும் தூசி அளவையும் நோட்டீஸ் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். ஆபத்தென்று கையெடுத்தவருக்கு அன்றைய கூலி பிடிக்கக்கூடாது. கேட் மீட்டிங்கில் இதை மட்டும் பேசினாலே போதும், மற்றதெல்லாம் பிறகு.

அந்த அதிகாரிப் பிள்ளை கிளம்பும்போது, "அண்ணா, நான் சேரட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். கட்டணம் பல லட்சமாம். பாங்கில் கடன் வாங்க வேண்டுமாம். மானேஜர் ஒரு பைசா தரமாட்டாராம். "தம்பி, அது உங்கள் வீட்டுக் கணக்கு, நாம் தலையிட மாட்டோம். ஆனால் அந்த மூன்று கடிதத்துக்கும் நகல் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம். வைத்திருந்தார். தேதி போட்டு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு.

கார்டிங்கின் மூன்று ஷிப்ட் ஆட்களும் கையெழுத்திட்ட மனு இப்போது இன்ஸ்பெக்டர் ஆபீசில் இருக்கிறது. அதில் அதிகாரியின் பெயர் இல்லை. கொடுத்துப் பதினொரு நாளாகிறது. இரண்டு மெஷினில் ஒன்றுக்குப் புது சுவிட்ச் வந்துவிட்டதாக நேற்று இரவு ஷிப்ட் தோழர்கள் சொன்னார்கள். இன்னொன்றில் இன்னும் கம்பிதான்.